அவர் கேட்ட இரண்டரை அங்குலம்

வண்டியைத் தூக்குவது என்றால் பஞ்சரான டயரைக் கழற்ற ஜாக்கி போட்டுத் தூக்குவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிரந்தரமாகவே உயரத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கென்று ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனியாக விற்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். சொன்ன இடம் டயாலிசிஸ் கட்டில். ஒரு கையில் இரண்டு ஊசி, இன்னொரு கையில் போன். போனில் யாரோ ஒரு ஆள் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"நம்ம வண்டிய ரெண்டரை இஞ்சு தூக்கிட்டா போதும். எவன் ரோட்ட அடைச்சாலும் கவலையில்ல" என்றார்.

"உங்கள தூக்கி வண்டியில ஒக்கார வெக்கறதுக்கே எனக்கு நாக்கு தள்ளுது. இதுல வண்டிய வேற தூக்கணுமா?" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கு வாய் ஜாஸ்தி. அந்த வார்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

அவர் ரோடு அடைப்பதைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு வேங்கிக்காலில், நான் வேலை பார்க்கும் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கம். ஆஸ்பத்திரியோ ஊரின் அந்தக் கோடியில், செங்கம் ரோட்டுப் பக்கம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டு மணி ஷிப்ட். மற்ற நாளில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அதில் ஒரு நாள் பௌர்ணமியாக அமைந்துவிட்டால் தொலைந்தோம். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காகக் காலையிலேயே தடுப்பு வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி பைலைக் காட்டினால் சில போலீஸ்காரர்கள் தடுப்பை நகர்த்துவார்கள், பாவம். நகர்த்தி என்ன பயன்? அதற்கப்புறம் ரோடு முழுக்க ஜனம். ஹாரன் அடித்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நம் முன்னாலேயே நடக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல முடியும், சாமி கும்பிட வந்தவர்கள்.

மலையைச் சுற்றாமல் வெளியே வெளியே போக ஒரு வழி உண்டு. இரண்டு கிராமம் தாண்டி, ஒரு ஏரிக்கரை மேல் ஏறி இறங்க வேண்டும். அது டிராக்டர் போகும் பாதை. இரண்டு பக்கமும் சக்கரத் தடம் ஒரு ஜாண் ஆழத்துக்குப் பள்ளமாகி, நடுவில் மண் முதுகு மாதிரி மேடாக நிற்கும். ஆவணி மாதப் பௌர்ணமி ஒரு சனிக்கிழமை வந்தது. அந்த வழியில்தான் போனோம். நடு மேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் சும்மா சுற்றின. எருமை மேய்த்தவர்கள் வந்து மண்ணைத் தோண்டி, தள்ளி, நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. நான்கு மணி நேரம் ஓட வேண்டிய மிஷினை அன்றைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டினார்கள். உடம்பில் சேர்ந்த தண்ணீர் முழுதாக இறங்கவில்லை. அடுத்த இரண்டு நாள் அவரால் படுக்க முடியவில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதனால், வண்டியைத் தூக்கலாம் என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஆனால் வெறும் அதற்காக மட்டும் சொன்னார் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்த மனிதனுக்கு எங்கள் ஜீப்பின் மேல் அப்படி ஒரு பைத்தியம். விதைக் கம்பெனியில் வேலை. கீழ்பென்னாத்தூரைச் சுற்றி எந்த ஊரில் எவர் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டாலும் வரப்பு வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். என்னை உட்கார வைத்துக்கொண்டு காய்ந்த ஓடையில் இறக்கி, "பயமாக்கீதா?" என்று கேட்பார். கிட்னி போனதும் வேலையும் போயிற்று, ஸ்டியரிங்கும் என் கைக்கு வந்தது. நாற்பது வயதுக்கு மேல் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆபீசுக்கு, மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அது ஒன்றுதான் வண்டி.

பைபாஸ் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தார். இதே வேலையாக இருப்பவர், நிதானமான ஆள். முதல் தடவை போனபோதே வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் எங்கள் இருவரையும் பார்த்து, "டெய்லி இதுல யார் யார் போவீங்க சார்? எவ்ளோ வெயிட்டு ஏத்துவீங்க?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதான்."

"அப்ப கட்டியான ஸ்பிரிங் வேணாம். மூட்டை ஏத்தறவங்களுக்குத்தான் அது. ரெண்டு பேரு மட்டும் போனா தூக்கித் தூக்கி அடிக்கும்."

ஸ்பேசர் என்று ஒரு வளையம் காட்டினார். பழைய ஸ்பிரிங்குக்கு மேல் அதை வைத்தால் வண்டி உயரும், ஆனால் ஆட்டம் அப்படியே இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் எட்டாமல் இழுக்கும். அது வேண்டாம் என்று அவரே தள்ளி வைத்தார். புது ஸ்பிரிங், அதற்கேற்ற நீளமான ஷாக், நான்கு சக்கரத்துக்கும் செட்டாக. அதிலும் ஒன்றரை அங்குலம் ஒன்று, இரண்டரை அங்குலம் ஒன்று.

"டெய்லி ஓட்டற வண்டிக்கு ஒன்னரை போதும்க்கா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஏரிக்கரை மேடு எவ்ளோ இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஜாண் வைத்துக் காட்டினார். "ஒன்னரை போட்டா உரசும். ரெண்டரைன்னா உரசாது." ஆவணியில் அங்கே மாட்டிக்கொண்டபோது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நிலையிலும் மேட்டைக் கையால் அளந்து வைத்திருக்கிறார்.

"ஏறணுமே நீங்க" என்றேன்.

"ஏறுவேன்."

"கால்படி வெச்சுத் தரலாமா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன். வைக்கலாம், ஆனால் அது கீழே தொங்கும், அந்தப் பள்ளத்தில் முதலில் அடிபடுவதே அதுதான் என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

வீட்டில் வந்து நான் ஒரு ஆட்டம் ஆடினேன். ஒன்றரைதான், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் ஜெயித்திருப்பேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம் ஒரு பைலை மறந்து வைத்துவிட்டேன் என்று ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் தொட்டி ஓரத்தில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால், மதில் கட்டி மிஞ்சிய கற்களை இரண்டு அடுக்காக வைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். ஏறுவார், நிற்பார், மூச்சு வாங்குவார், இறங்குவார். பக்கத்தில் டேப் கிடந்தது. வண்டித் தரையின் உயரத்தை அளந்து, இரண்டரை அங்குலம் கூட்டி, அதற்குச் சரியாகக் கல்லை அடுக்கியிருக்கிறார்.

போய்க் கத்த வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்கிற மனிதன். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, ஊறுகாய் கூடாது. ஆசைப்படுவதற்கு அவரிடம் மிச்சம் இருந்தது இந்த இரண்டரை அங்குலம் ஒன்றுதான். நான் சத்தம் போடாமல் வாசலுக்குத் திரும்பிப் போய், கேட்டைப் படாரென்று சாத்தி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தேன். அதற்குள் அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் நான் எங்கே வேண்டாம் என்று சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை மெக்கானிக்கிடம் போனோம். அங்கே இரண்டரை அங்குலம் தூக்கிய வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. "இதுல ஏறிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றேன். உள்ளே இருந்த கம்பியைப் பிடித்தார், வலது காலை வைத்தார், ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்று கூட அந்த மனிதன் முகம் அப்படி இருந்ததில்லை. மெக்கானிக் கைதட்டினார். நானும் சிரித்தேன், முட்டாள்.

எங்கள் வீட்டில் செவ்வாயும் சனியும் நல்ல காரியம் எதையும் தொட மாட்டோம். வண்டி எடுப்பது, வண்டியில் வேலை வைப்பது, எதுவானாலும் திங்கள், புதன், வெள்ளி. நாள் பார்த்துத்தான் ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கிடம் போனோம். டயாலிசிஸ் நாளோ செவ்வாய், வியாழன், சனி. நாங்கள் பார்த்த நல்ல நாள் எல்லாம் அவர் உடம்புக்கும் நல்ல நாள், மிஷினில் தண்ணீர் இறங்கி, தூங்கி எழுந்து, லேசாக இருக்கிற நாள். கல்லை அடுக்கி அவர் பழகியதும் ஒரு புதன்கிழமை. ஆனால் அவர் அந்த வண்டியில் ஏறுவதே மற்ற மூன்று நாளில்தானே? போகும்போது கால் வீங்கி, மூச்சு முட்டும். வரும்போது பிரஷர் இறங்கி, தலை சுற்றும். பஞ்சாங்கம் பார்த்த எனக்கு இதைப் பார்க்கத் தெரியவில்லை. ஆபீசில் நூறு பைலில் நூறு தப்புக் கண்டுபிடிக்கிறவள் நான்.

புது ஸ்பிரிங் மாட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், வண்டி அருமையாகப் போயிற்று. வேகத்தடையில் ஏறினால் உள்ளே அலுங்கவில்லை. ஊசி போட்ட கைக்கு அது எவ்வளவோ நிம்மதி. மறுநாள் சனிக்கிழமை, பின்னாலிருந்து நான் தள்ளி, அவர் தவழ்ந்த மாதிரி ஏறினார். திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்குவார், பாதியில் இறக்கிவிடுவார். இரண்டு தடவை, மூன்று தடவை. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "அண்ணே, என் வண்டியில வாங்க. தாழ்வா இருக்கும்" என்றார்.

ஆட்டோவில் போய் உட்கார்ந்தார். நான் ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்தேன். மேலே இருந்து பார்த்தால் ஆட்டோவின் கூரைதான் தெரிந்தது. ஊரே சிரிக்கும், இவருக்காக வாங்கி, இவருக்காகத் தூக்கி, இவர் ஆட்டோவில் போகிறார், நான் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன். வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி நாளெல்லாம் அதே கதைதான். பழைய ஸ்பிரிங் மெக்கானிக்கிடம் பத்திரமாக இருந்தது. "கழட்டி அதையே மாட்டிடலாங்க" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். "பௌர்ணமி ஒன்னு போவட்டும். அதுக்குத்தானே போட்டோம்" என்பார். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னேன். "நாலு பேரு பாக்க ஸ்டூல் போட்டு ஏறணுமா நான்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் வந்தால் நான் விடுகிறவள் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தேன்.

புரட்டாசிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்து பிழைத்தோம். ஐப்பசிப் பௌர்ணமி செவ்வாய்க்கிழமை. முதல் நாளே பேசி வைத்தேன். ஆட்டோ அந்த ஏரிக்கரையில் ஏறாது, ஜீப்தான். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஸ்டூலுக்கு ஒத்துக்கொண்டார். பன்னிரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் தாங்க, ஒரு வழியாக ஏறினார். உடம்பு அன்றைக்கு ரொம்ப மோசம். இரண்டு நாள் தண்ணீர் சேர்ந்திருந்தது, கண்ணிமை கூட உப்பியிருந்தது. அவர் ஏறினாரே என்ற பரபரப்பில் நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். ஸ்டூல் அந்த அக்கா கையிலேயே நின்றுவிட்டது.

மழை பெய்து ஏரி பாதி நிறைந்திருந்தது. கரையில் சேறு. கியரைப் போடுவதற்கு முன்னால் அவர் பக்கம் பார்த்தேன். "நடு மேட்ட பாக்காத. நேரா வுடு" என்றார். விட்டேன். நான்கு சக்கரமும் பள்ளத்தில் இறங்கின. அடியில் இடிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இடிக்கவில்லை. ஒரு உரசல் சத்தம் கூட இல்லை.

"பாத்தியா?" என்றார். "பாத்தியா? ரெண்டரை!" மூச்சு வாங்கிக்கொண்டே டேஷ்போர்டைத் தட்டினார். கிட்னி போன இந்த மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை. நானும், "சரிதான் சாமி, நீங்கதான் கெட்டிக்காரரு!" என்று கத்தினேன். ஏரிக்கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை.

கரை முடிவதற்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, "நிறுத்து நிறுத்து" என்றார். குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டிக்குள் எடுத்துவிடக் கூடாது என்று, நான் பிரேக் போட்டு இறங்கிச் சுற்றி வருவதற்குள் கதவைத் திறந்து சறுக்கி இறங்கிவிட்டார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். முதுகைத் தேய்த்துவிட்டேன், வாயைத் துடைத்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு ஸ்டூல் ஞாபகம் வந்தது.

கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். வண்டித் தரைக்கு அருகில் கூடப் போகவில்லை. நான் பின்னால் நின்று தள்ளினேன், இரண்டு பேருக்கும் சேற்றில் கால் வழுக்கியது. இடுப்பைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன், என்னால் ஆகவில்லை. கல் ஏதாவது கிடக்கிறதா என்று கரை நெடுக ஓடிப் பார்த்தேன். மண்தான். ஆள் வருகிறதா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன், அங்கிருந்து யார் எப்படி வருவார்கள்? மணி ஒன்று இருபது. இரண்டு மணிக்குப் போகாவிட்டால் கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருடைய மூச்சில் இப்போதே அந்தச் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. ஐயோ, யாராவது வாங்களேன் என்று ஏரியைப் பார்த்துக் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

அப்புறம் புடவையைச் சொருகிக்கொண்டு, கதவுக்குக் கீழே சேற்றில் கையும் முட்டியும் ஊன்றிக் குனிந்தேன்.

"ஏறுங்க."

"இன்னா பண்ற நீ?"

"முதுகு மேல கால வெச்சு ஏறுங்க."

"மாட்டேன்."

"ஏறுங்கன்னா."

"உம்மேல கால வெக்கறதா? எந்திரி மொதல்ல. எந்திரிடி."

"இங்கயே நின்னு சாவப்போறீங்களா? என் கண்ணு முன்னாடியே சாவணுமா உங்களுக்கு? ஏறுங்க!"

நான் தலையைத் தூக்கவில்லை. பிறகு அவர் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. வெறும் கால் என் முதுகில் பட்டது. வீங்கிய கால், மெத்துமெத்தென்று, ஈரமாக. அழுத்தவே இல்லை அவர். எனக்கு வலிக்கும் என்று மெதுவாக வைக்கிறார். "அழுத்தி மிதிங்க!" என்று கத்தினேன். முழுக் கனமும் ஒரு நொடி என் மேல் இறங்கியது. அப்புறம் சீட் கிறீச்சிட்டது. ஏறிவிட்டார்.

குனிந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சீட்டிலிருந்து என் பக்கம் சாய்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். தெரியாமல் யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதற்கு. வண்டி உயரம், நான் தரையில். அவர் விரல் என் முதுகுக்கு மேலே ஒரு முழத்தில் நின்றது.

"எட்டல" என்றார். "கொஞ்சம் எந்திரி."

எழுந்தால் தொட்டுவிடுவார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளும் வரைக்கும் நான் சேற்றிலேயே குனிந்திருந்தேன்.